எங்க வூட்டு வழக்கம்

என் மகள் பரீட்சைக்கு வாய்விட்டுத்தான் படிப்பாள். அடுப்படியில் நிற்கிற எனக்கும் பாதிப் பாடம் மனப்பாடம் ஆகிவிடும். அப்படி ஒரு நாள் காலையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது ஒரு கிரேக்கச் சொல் காதில் விழுந்தது. ஏதோஸ். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் வழக்கத்துக்கு வைத்திருந்த சொல்லாம். ஒரு ஜனத்தின் நடைமுறை, ஒரு மனுஷரின் குணம் எல்லாம் அதில் அடங்குமாம். "ஆனா மொதல்ல இதுக்கு அந்த அர்த்தம் இல்லம்மா" என்றாள் மகள், நானும் அவளோடு பரீட்சை எழுதப்போகிற மாதிரி. "குதிரை, மாடெல்லாம் பழக்கமா திரும்பி வந்து தங்கற எடத்துக்குத்தான் மொதல்ல இந்தச் சொல்லாம். அதுக்கப்புறம்தான் வழக்கம்னு அர்த்தம் வந்துச்சாம்."

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என் சாச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. சாச்சி கையெழுத்து போடுவதற்குள் ஒரு வேளைச் சோறு வெந்துவிடும். அவளுக்குக் கிரேக்கம் எங்கே தெரியும்? ஆனால் புத்தகம் எழுதியவர் ஏதோ ஒரு வழியில் எங்கள் வீட்டுக்கு வந்துபோயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

சாச்சி என்றால் அத்தாவின் தம்பி பெண்சாதி. அத்தா என்றால் எங்கள் வீட்டில் அப்பா. சாச்சியின் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வாள். "பொம்பள பேர தெருவுல வுடக் கூடாது. எங்க வூட்டு வழக்கம்" என்பாள்.

இதுதான் சாச்சி. இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டால் அவள் பேச்சில் மிச்சம் கொஞ்சம்தான். உட்கார்ந்தால் எங்க வூட்டு வழக்கம், எழுந்தால் எங்க வூட்டு வழக்கம்.

அப்போது எங்கள் ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் பின்னால் எங்கள் வீடு. முன்பக்கம் கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற கடுக்காய், புளி, தேன் எல்லாம் அங்கே வந்து சேரும். அத்தா கடையைப் பார்த்துக்கொள்வார். அவர் தம்பி, எங்கள் சாச்சா, மலைக்கு ஏறிப் போய்ச் சரக்குப் பிடிப்பார். பின்பக்கம் நாங்கள் இருக்கிற வீடு. நடுவில் முற்றம், அதன் குறுக்கே ஒரு துணிக்கொடி. இந்தக் கொடியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாச்சா ஒரு தடவை சரக்கு விஷயமாக மணலூர்பேட்டைப் பக்கம் போய்விட்டு, வரும்போது பெண்சாதியோடு வந்தார். நிக்காஹ் அங்கேயே ஒரு சின்னப் பள்ளிவாசலில் நாலு பேரை வைத்து முடிந்துவிட்டது. பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள் என்று சாச்சா சொன்னார். அத்தா ஒரு வாரம் தம்பியோடு பேசவில்லை. எட்டாவது நாள் வந்த சரக்கில் பாதிப் புளி ஈரமாக இருந்ததால் பேசித்தான் ஆகவேண்டி வந்தது.

அம்மாவுக்குத்தான் கஷ்டம். அதுவரை அந்த வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். புதிதாக வந்தவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்காமல், வந்த மறுநாளே அம்மாவைத் திருத்தினாள். யாரோ வந்திருந்தார்கள். அம்மா உபசாரமாக, "சாப்புடுறீங்களா?" என்று கேட்டாள். சாச்சி அம்மாவை உள்ளே கூப்பிட்டு, "அப்பிடிக் கேக்கக் கூடாதுக்கா. கேட்டா வோணாம்னுதான சொல்லுவாங்க? தட்ட வெச்சிட்டு வாங்கன்னு கூப்புடணும். எங்க வூட்டு வழக்கம்" என்றாள்.

"உங்க வூட்டு வழக்கத்த உங்க வூட்ல வெச்சிக்க" என்றாள் அம்மா.

சாச்சி தட்டை வைத்துவிட்டு விருந்தாளியைக் கூப்பிட்டாள். அந்த ஆள் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சினால் முதல் அகப்பை பக்கத்து வீட்டுக்குத்தான் போகவேண்டும். நம் வீட்டுப் பிள்ளை அழுதாலும் அப்புறம்தான். பக்கத்து வீட்டில் இருந்தது ஒரு பஸ் கண்டக்டர் குடும்பம், இந்துக்கள். அந்த அம்மா முதல் வருஷம் கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் சாயங்காலம் ஆனால் சொம்பைக் கழுவிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் மழை பெய்தால் அன்றைக்குக் கேழ்வரகு அடை. மழை பெய்த அன்றைக்கு அத்தா ஆட்டுக்கறி வாங்கி வந்திருந்தாலும் சரி, அது மறுநாளைக்குத்தான். "இன்னாம்மா இது அநியாயம்" என்று அத்தா முனகுவார். முனகிக்கொண்டே நாலு அடை தின்பார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சண்டை வழக்கம். அவள் வந்த முதல் வருஷம் அம்மாவுக்கும் அவளுக்கும் எதற்கோ சண்டை. ஊறுகாய் ஜாடியை யார் திறந்து போட்டது என்பதாக இருக்கலாம். வார்த்தை ஜாஸ்தியாகி, அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மத்தியானம் ஆனது. சாச்சி பெரிய சஹன் தட்டை எடுத்தாள். கல்யாணத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற தட்டு அது. அதில் ரெண்டு பேருக்குச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, நடுவீட்டில் வைத்துவிட்டு ஒரு பக்கம் உட்கார்ந்தாள்.

"சண்டப் போட்டவங்க ஒரே சஹன்ல சாப்புடணும். எங்க வூட்டு வழக்கம்" என்று மூடின கதவைப் பார்த்துச் சொன்னாள்.

கதவு திறக்கவில்லை. சாச்சியும் சோற்றில் கை வைக்கவில்லை. நாலு மணித் தொழுகைக்கு அசர் பாங்கு சொல்கிற நேரம் ஆனது. குழம்பில் ஆடை கட்டிவிட்டது. அம்மா பசி தாங்கமாட்டாள். அது எனக்குத் தெரியும், சாச்சியும் அதற்குள் தெரிந்துவைத்திருந்தாள். கடைசியில் கதவு திறந்தது. அம்மா வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றார்கள். பாதியில் அம்மா ஒரு ஈரல் துண்டை விரலால் சாச்சி பக்கம் தள்ளிவிட்டாள். சாச்சி அதைத் திரும்ப அம்மா பக்கம் தள்ளினாள். "தின்னு தொலையேன் புள்ள" என்றாள் அம்மா. சண்டை முடிந்தது.

அதற்குப் பிறகும் எத்தனையோ சண்டை வந்தது. நான் பார்த்தவரை ஒன்றுகூட அசர் தாண்டினதில்லை.

இப்போது கொடிக்கு வருகிறேன். யாராவது ஊருக்குக் கிளம்பினால், அவர்கள் துணி ஒன்று கொடியில் கிடக்கவேண்டும். துண்டோ, கைலியோ, தாவணியோ ஏதாவது ஒன்று. அதை யாரும் எடுக்கக் கூடாது, மடிக்கக் கூடாது. மழை வந்தாலும் நனையட்டும். போனவர்கள் திரும்பி வந்து, தங்கள் கையால் எடுத்து மடிக்கவேண்டும். சாச்சா மலைக்குப் போகும்போதெல்லாம் அவருடைய கட்டம்போட்ட கைலி ஒன்று கொடியில் தொங்கும். அத்தா விழுப்புரம் போனால் துண்டு. நான் வாத்தியார் பயிற்சிக்குப் போய் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் என் நீலத் தாவணி கிடந்து கிடந்து ஒரு பக்கம் வெளுத்தே போனது.

"வூடா இது? துணிக்கட மாதிரி கீது" என்பாள் அம்மா. "நல்ல துணியெல்லாம் வெயில்ல வீணாப் போவுது. மடிச்சி வெச்சா அவுங்க வரமாட்டாங்களா?"

"மடிச்சி வெச்சா மறந்துடுவோம்க்கா. தொங்கிக்கினு இருந்தா கண்ணுல பட்டுக்கினே இருக்கும்."

"யாரு வூட்லதான் இப்பிடி ஒரு வழக்கம்?"

"எங்க வூட்ல."

அந்த வீட்டைப் பற்றிச் சாச்சி சொல்லச் சொல்லக் கேட்கவேண்டும். மணலூர்பேட்டையில் பெண்ணையாற்றுப் பக்கம் இருக்கிறதாம். பெரிய வீடு. பின்னால் கொய்யா மரம். ஆற்றில் தண்ணீர் வந்தால் படுத்திருக்கும்போதே சத்தம் கேட்குமாம். நடுக்கூடத்தில் ஊஞ்சல். எனக்கு அந்த ஊஞ்சலின் மேல்தான் ஆசை. ஆனால் சில நாள் ஊஞ்சல் கூடத்தில் இருக்கும், சில நாள் கொய்யா மரத்தடிக்குப் போய்விடும். கிணறு ஒரு தடவை வாசலில், ஒரு தடவை கொல்லையில். நான் கேட்டால், "ரெண்டு இருந்திச்சி" என்பாள்.

தை மாதத்தில் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரமே கூடும். ஆற்று மணலில் கடைகள், ராட்டினம், கரும்பு. அத்தா வருஷாவருஷம் கேட்பார், "எல்லாரும் போயிட்டு வரலாமா? உன் வூட்டையும் பாத்த மாதிரி இருக்கும்." வருஷாவருஷம் அதே நாளில் சாச்சிக்குத் தலைவலி வரும். அம்மா ஒரு தடவை அத்தாவிடம், "வுடுங்களேன்" என்றாள். அந்தக் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. அதற்குமேல் அத்தா கேட்கவில்லை.

பயிற்சி முடித்து நான் வீட்டில் இருந்த சமயம். என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். திருக்கோவிலூர்ப் பக்கத்துக் குடும்பம், துணி வியாபாரம், நல்ல இடம். அத்தாவுக்கு ரொம்ப ஆசை. மாப்பிள்ளையின் படத்தை எனக்குக் காட்டினார்கள். மீசை கொஞ்சம் பெரிசு, மற்றபடி குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருடைய தாயாரும் பெரியம்மாவும் இன்னும் ரெண்டு பெண்களும் வந்தார்கள். சாச்சி காலையிலிருந்து பறந்துகொண்டிருந்தாள். எனக்குத் தலை பின்னிவிட்டாள், பாய் விரித்தாள், யாரையும் கேட்காமல் தட்டுகளை வரிசையாக வைத்தாள். பிறகு, "வாங்க, உக்காருங்க. வந்தவங்கள சாப்புடுறீங்களான்னு கேக்கறது எங்க வூட்டு வழக்கம் இல்ல" என்று சிரித்தாள்.

"உங்க வூடு எது?" என்று கேட்டார் அந்தப் பெரியம்மா. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"மணலூர்பேட்டைங்க."

"நானும் மணலூர்பேட்டதான். ஊர்ல நம்ம ஜனம் கொஞ்சம்தான. எந்த வூடு?"

சாச்சி கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு தட்டில் இடித்தது. "ஆத்துப் பக்கம்..." என்றாள்.

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. கடையில் காசை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார்களே, அதுபோல. "அட, நீயா?" என்றார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, "எங்க நாத்தனார் வூட்ல பாத்திரம் தேச்சிக்கினு இருந்த புள்ள. அதுக்கு முன்னாடி வாத்தியாரு வூட்ல இருந்திச்சி. சின்னதுல அவ அம்மாக்காரி கொண்டாந்து வுட்டுட்டுப் போனவ, திரும்பிப் பாக்கவே இல்ல. இவளுக்கு ஏது வூடு?" என்றார். குரலில் விஷம் இல்லை. அதுதான் கொடுமை. பழைய ஆளைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது.

சாச்சி செம்பைக் கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல் எழுந்து உள்ளே போனாள். கதவு சாத்தின சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஒரு பக்கம் சாச்சி, ஒரு பக்கம் என் சம்பந்தம். அத்தா கடைப் பக்கத்து வாசலில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்தார். எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள்.

அம்மா குழம்புச் சட்டியை எடுத்து அவர்களுக்குப் பரிமாறினாள். எதையும் கம்மி பண்ணவில்லை. அவர்கள் சாப்பிட்டார்கள். கை கழுவினார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. மாப்பிள்ளையின் தாயார், "அப்ப மேக்கொண்டு பேசிடலாங்களா?" என்று ஆரம்பித்தார்.

"மன்னிச்சிக்குங்க" என்றாள் அம்மா. "வூட்டுப் பொம்பள எழுந்து உள்ள போயிட்டா. அவள வுட்டுட்டு நல்ல காரியம் பேசறது இல்ல. எங்க வூட்டு வழக்கம்."

அம்மா வாயிலிருந்து அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். அதுவரை அவளுக்கு அது "அவ வூட்டு வழக்கம்"தான்.

சம்பந்தம் போனது. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அந்த மீசையைத் தினம் பார்க்கவேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிலசமயம் சிரித்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா சஹனில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு சாச்சியின் அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். "இன்னா புள்ள, வா" என்றாள். முதல்முறையாகக் கதவு திறக்கவில்லை. சண்டை போட்டவர்களுக்குத்தானே அந்த வழக்கம்? இங்கே சண்டையே நடக்கவில்லை.

மறுநாள் காலையில் சாச்சா மலைக்குக் கிளம்பினார். வெள்ளிமலையில் சந்தைக்குப் பின்னால் சரக்கு வைக்க ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தார். சாச்சியும் அவரோடு கிளம்பிவிட்டாள். கையில் ஒரு பை. "கொஞ்ச நாள் அங்க இருந்துட்டு வரட்டும் மதினி" என்று சாச்சா அம்மாவிடம் சொன்னார். சாச்சி தலையில் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குனிந்தபடியே படி இறங்கிப் போனாள்.

அவர்கள் போனதும் அம்மா முற்றத்துக்கு ஓடினாள். கொடியில் சாச்சாவின் கைலி தொங்கியது. சாச்சியுடையது ஒன்றும் இல்லை. ஒரு கைக்குட்டைகூட இல்லை. அம்மா கொடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தடவிப் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத துணி ஏதாவது அங்கே இருக்குமா? அப்புறம் சாச்சியின் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, கிளிப்பச்சைச் சேலை ஒன்றை எடுத்துவந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். ரெண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்தாள்.

சாச்சா வந்து வந்து போனார். சாச்சி வரவில்லை. "மலக் காத்து ஒத்துக்குது மதினி" என்றார் ஒரு தடவை. அடுத்த தடவை அதையும் சொல்லவில்லை. முதல் மழை பெய்தது. அம்மா கேழ்வரகு மாவு பிசைந்தாள். அடை தீய்ந்துவிட்டது. அத்தா தீய்ந்ததைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். கொடியில் பச்சைச் சேலை நனைந்து பாரமாகத் தொங்கியது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

அம்மா ஒரு நாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கிளம்பும்போது தன் துண்டு ஒன்றைக் கொடியில் போட்டாள். நான் என் தாவணியைப் போட்டேன். அம்மா அதற்குமுன் மலை ஏறினதே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி ஜீப் வளைந்து வளைந்து ஏற, கண்ணை மூடிக்கொண்டு ஓதியபடியே வந்தாள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து கீழே பார்த்துவிட்டு, "இவளுக்கு ஓடிப்போவ வேற எடமே கெடைக்கலியா?" என்றாள்.

வெள்ளிமலையில் இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. அந்த அறை வாசலில் சாச்சி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். எங்கே ஓடுவது என்று தெரியாமல் நின்றாள். இளைத்திருந்தாள்.

அம்மா நேராகப் போய் முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி குடு. தல சுத்துது" என்றாள்.

தண்ணீர் கொடுத்துவிட்டுச் சாச்சி சொன்னாள், "நான் பொய் சொல்லிட்டன்க்கா."

"தெரியும்."

"எப்பத்துலேர்ந்து?"

"உன் கெணறு எடம் மாறுன அன்னிலேர்ந்து."

சாச்சி சிரிக்கப் பார்த்தாள். முடியாமல் அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நான் இருந்ததெல்லாம் அடுத்தவங்க வூடுக்கா. ஒரு வூட்ல நோம்புக் கஞ்சி மொத அகப்பய வெளிய குடுப்பாங்க. பாத்துக்கினு இருப்பன். வாத்தியாரு வூட்ல யாரையும் கேக்க மாட்டாங்க, தட்ட வெச்சிடுவாங்க. எனக்குங்கூட வெச்சாங்க. இன்னொரு வூட்ல புருசனும் பொஞ்சாதியும் அடிச்சிக்குவாங்க, மத்தியானம் ஒரே தட்டுல சாப்புடுவாங்க. ஒவ்வொரு வூட்ட வுட்டு வரும்போதும் நல்லது ஒண்ண எடுத்துக்கினு வந்தன். வேற இன்னா எடுக்கறது? எனக்குன்னு ஒரு வூடு இருந்தா இதெல்லாம் செய்யணும்னு வெச்சிருந்தன். வூடு இல்லாதவளுக்கு வழக்கம் இருக்கக் கூடாதாக்கா?"

அம்மா முறத்திலிருந்த சாமையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான்தான் கேட்டேன், "அந்தக் கொடி வழக்கம் எந்த வூட்ல சாச்சி?"

"அது எந்த வூட்லயும் இல்ல கண்ணு" என்றாள் சாச்சி. "எங்கம்மா என்ன வுட்டுட்டுப் போனப்ப வந்துடறன்னு சொல்லிட்டுத்தான் போச்சி. பழைய துணியா ஒண்ணு வெச்சிட்டுப் போயிருந்தா வந்திருக்கும்னு நெனச்சிக்குவன். அது நானா வெச்சிக்கின வழக்கம்."

அதற்குள் சரிவிலிருந்து மாடுகள் இறங்கி வந்தன. முன்னால் ஆள் இல்லை, பின்னாலும் ஆள் இல்லை. கழுத்து மணி மட்டும் கேட்டது. ஒவ்வொன்றும் தன் வீட்டுப் பட்டி வந்ததும் தானாகப் பிரிந்து உள்ளே போனது. பின்தங்கின ஒரு கிடாரியும் கடைசியில் வந்து, மூடியிருந்த படலை முட்டிக்கொண்டு நின்றது. யாரோ வந்து திறந்துவிட்டார்கள்.

"யாருமே ஓட்டல, பாருங்கக்கா. தானா வருது" என்றாள் சாச்சி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதுக்குத் தெரியுது. உனக்குத்தான் தெரியல" என்றாள் அம்மா. "அங்க கொடியில உன் பச்சப் பொடவ கெடந்து நனையுது. மழையும் வெயிலும் பட்டு நாறுது. நான் மடிக்கக் கூடாதாமே? வந்து மடிச்சித் தொல."

"நான் எதயும் போட்டுட்டு வரலியேக்கா."

"நீ போடல. நான் போட்டன்."

சாச்சி அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு இதெல்லாம் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், கடைசியில் சாச்சியின் முதுகில் வைத்தாள். மறுநாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் மலை இறங்கினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் சாச்சி பையைக்கூட வைக்காமல் முற்றத்துக்குப் போனாள். சேலை ஒரு பக்கம் வெளுத்து மஞ்சளாகிவிட்டிருந்தது. எடுத்தாள், முகர்ந்தாள், மூக்கைச் சுளித்தாள், மடித்தாள்.

அதற்குப் பிறகு அம்மாவும் சாச்சியும் பல வருஷம் ஒன்றாக இருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆனது. நல்ல இடம், மீசை சின்னது. நான் ஊரைவிட்டுக் கிளம்பின அன்றைக்கு என் தாவணியைக் கொடியில் போட்டவள் சாச்சிதான். மணலூர்பேட்டை வீட்டைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை. ஆனால் எங்க வூட்டு வழக்கம் மட்டும் நிற்கவில்லை. ரெண்டு பேரும் சொன்னார்கள். கண்டக்டர் வீட்டம்மாகூடத் தன் மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

சாச்சிக்கு வயிற்றில் கட்டி வந்தது. பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். நான் வந்திருந்தேன். கிளம்புகிற காலையில் சாச்சியால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சாச்சா கார் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். சாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். கையில் அதே கிளிப்பச்சைச் சேலை. அவளால் கையைத் தூக்க முடியவில்லை. நான் வாங்கிப் போடப் போனேன். அம்மா தடுத்தாள். சாச்சி கொடியைக் கீழே இழுத்துப் பிடித்து, மெதுவாக, தானே போட்டாள். அம்மாவைப் பார்த்து, "வந்துடறன்க்கா" என்றாள்.

"வந்துதான ஆவணும்" என்றாள் அம்மா. "நான் மடிக்க மாட்டன், பாத்துக்க."

சேலை கொடியில் கிடந்தது. அம்மா தொழுதுவிட்டு எழுந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள். பெருக்கும்போது அதன் கீழே குனிந்து போவாள், தலையில் படாமல்.

பாண்டிச்சேரியில் இருந்து சாச்சியின் உடம்பைத்தான் கொண்டுவந்தார்கள். கூடத்தில் கிடத்தினார்கள். தெருவே வந்துவிட்டது. கண்டக்டர் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். குளிப்பாட்ட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. நேரம் ஆகிறது, சீக்கிரம் என்று ஆண்கள் வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் காணோம்.

முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். கொடியிலிருந்து சேலையை எடுத்திருந்தாள். ஒரு முனை அவள் கையில், மறு முனை தரையில்.

"அம்மா, அத நாம மடிக்கக் கூடாதே" என்றேன். என்ன பேசுகிறேன் என்று தெரியாமல்தான் சொன்னேன்.

"அவதான் வந்துட்டாளே" என்றாள் அம்மா. "வந்துட்டா இல்ல? அவ கைக்கு முடியல, அவ்ளோதான். அந்த முனையப் புடி."

நான் தரையிலிருந்த முனையைத் தூக்கிப் பிடித்தேன். அம்மா உதறினாள். ரெண்டு பேரும் முனைகளைச் சேர்த்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தோம்.